எல்லாருக்கும் போட்டதுதான்

விரலில் ஊசி குத்தியவளையும் மங்கையர்க்கரசிக்குப் பிடிக்கவில்லை, குத்திய விதத்தையும் பிடிக்கவில்லை. ஆனாலும் கையை இழுத்துக்கொள்ளவில்லை. இழுத்தால் வலித்தது என்று ஆகிவிடும்.

“வலிச்சுதா மேடம்?” என்றாள் ஜெசிந்தா.

“எங்கிட்ட வேலை பார்த்தப்ப இதைவிட நல்லாக் குத்துவே. புனேக்குப் போய்க் கை கெட்டுப்போச்சு.”

“அப்ப நான் குத்தினது கிராமத்துப் பொம்பளைங்க விரல்ல. அவங்க வாயைத் திறக்க மாட்டாங்க. அதனால நான் நல்லாக் குத்தறதா உங்களுக்குத் தோணியிருக்கும்.”

அட்டையில் அச்சிட்டிருந்த வட்டத்துக்குள் இரத்தம் ஒரு பொட்டாகப் பரவி நின்றது. ஜெசிந்தா அதைக் காயவைத்துவிட்டு ஒரு படிவத்தை நகர்த்தினாள்.

‘நேற்று இந்நேரம் முதல் இப்போது வரை என்னென்ன சாப்பிட்டீர்கள்? எவ்வளவு?’ கேள்விக்குக் கீழே கிண்ணம், கரண்டி, டம்ளர் என்று சின்னச் சின்னப் படங்கள். இருபத்தேழு வருஷத்துக்கு முன்பு, தன் முப்பத்தொன்றாவது வயதில், மங்கையர்க்கரசியே தயாரித்த படிவம் அது. இன்றைக்கும் நாடு முழுக்க இதைத்தான் நிரப்புகிறார்கள். படங்களைக்கூட யாரும் மாற்றவில்லை.

“இது எதுக்கு? நான் சோதிக்கச் சொன்னது பழைய அட்டையை.”

“அதே ஆளோட புது இரத்தமும் ஒரு சொட்டு வேணும். அப்பத்தான் மெஷினுக்கு உடம்பு பிடிபடும். விதி. கடிதத்துல எழுதியிருந்தேனே.”

மங்கையர்க்கரசி எழுதினாள். நேற்று மதியம் சாதம், முருங்கைக்கீரை, மோர். ராத்திரி சப்பாத்தி இரண்டு. இன்று காலை இட்லி மூன்று, தேங்காய்ச் சட்னி, காபி. பேனா தடங்கலில்லாமல் ஓடியது. கையெழுத்தும் தேதியும் போட்டுத் திருப்பித் தள்ளினாள்.

“உங்க எழுத்து மாறவே இல்லை மேடம்.”

“என்கிட்ட எதுவுமே மாறலை. அதுதான் உனக்குப் பிரச்சினை.”

பதினோரு மணிக்கு விசாரணை. கமிட்டி அறைக்கு நடக்கும்போது, வழியில் சுவரில் தொங்கிய தன் படத்தை அவள் பார்க்காமல் கடந்தாள். எந்த இடத்தில் தொங்குகிறது என்று தெரிந்திருப்பதே போதுமானதாக இருந்தது. இன்று மாலைக்குள் அதைக் கழற்ற வேண்டியிருக்குமா, வேண்டாமா என்பதுதான் கேள்வி.

அந்தப் படத்துக்கும் அவளுடைய இருபத்தேழு வருஷத்துக்கும் காரணம் ஒரே ஒரு கட்டுரை. 2031இல், டெல்டாவில் நாற்பது கிராமங்களில், நாலாயிரத்துச் சொச்சம் பெண்களிடம் ஒரு கேள்வி கேட்டு, ஒரு சொட்டு இரத்தம் எடுத்தார்கள். இரத்தம் எல்லாருக்கும் வெளுத்திருந்தது. எலும்பும் தோலுமாக இருந்தார்கள். ஆனால் படிவங்களைக் கூட்டிப் பார்த்தால், ஆண்கள் சாப்பிட்டதற்குக் கிட்டத்தட்ட இணையாகச் சாப்பிட்டிருந்தார்கள். அந்த முரணை உற்றுப் பார்த்தவள் மங்கையர்க்கரசி. ‘உண்பதில் குறையில்லை, ஏற்பதில்தான் குறை’ என்று எழுதினாள். உடம்பு உணவை ஏற்க மறுக்கிறது. ஆகவே மேலும் மேலும் சோறு போட்டுப் பயனில்லை. மாத்திரைதான் வழி.

அரசுக்கு அது தேனாக இனித்தது. அப்போதுதான் தொடங்கியிருந்த மகளிர் மதிய உணவுக்கூடங்களை மூடிவிட்டு, வீட்டுக்கு வீடு இரும்புச்சத்துச் செம்மாத்திரை கொடுத்தார்கள். அவள் உதவிப் பேராசிரியராக இருந்து பேராசிரியரானாள், துறைத்தலைவரானாள், இந்த நிறுவனத்தின் இயக்குநரானாள். முந்நூறு கட்டுரைகள் அந்த ஒரு கட்டுரையின் மேல் ஏறி நின்றன. கட்டுரையை உருவினால் எல்லாம் சரியும். உருவுவதற்குத்தான் ஜெசிந்தா வந்திருக்கிறாள்.

அறையில் கமிட்டித் தலைவர் தாமோதரன் ஏற்கெனவே உட்கார்ந்திருந்தார். ஓய்வுபெற்ற செயலாளர். அவருக்கு இரு பக்கமும் இரண்டு உறுப்பினர்கள், பேசாமல் தலையாட்டத் தெரிந்தவர்கள்.

“நான் வரலாறு படிச்சவன்,” என்றார் தாமோதரன். “எனக்குப் புரியற மாதிரிச் சொல்லுங்கம்மா. சண்டையை அப்புறம் வச்சுக்கலாம்.”

ஜெசிந்தா எழுந்து நின்றாள். “நாம சாப்பிடற ஒவ்வொண்ணும் இரத்தத்துல ஒரு தடம் விட்டுட்டுப் போகுது சார். உளுந்துக்கு ஒரு தடம், கத்தரிக்காய்க்கு வேற தடம். எவ்வளவு சாப்பிட்டோம், எத்தனை மணி நேரத்துக்கு முன்னாடி சாப்பிட்டோம், எல்லாம் அதுல இருக்கு. காய்ஞ்ச இரத்தத்துலயும் அது அழியறதில்லை. நாங்க பண்ணின மெஷின் அந்தத் தடத்தைப் படிக்கும். பேர் நீளமா இருக்கும். எல்லாரும் ‘சாட்சி’ன்னு கூப்பிடறோம்.”

“சரி.”

“மேடம் சேகரிச்ச அட்டையெல்லாம் இந்தக் கட்டடத்தோட உறைபெட்டியிலதான் இருக்கு. பெண்களோடது மட்டும் நாலாயிரத்து இருநூத்துப் பதினெட்டு. அதுல முந்நூறை எடுத்து சாட்சிகிட்டக் கொடுத்தோம். இருநூத்து எழுபத்தோரு பேர், படிவத்துல சொன்னதுல பாதிகூடச் சாப்பிடலை. அவங்க உடம்பு எதையும் ஏற்க மறுக்கலை சார். உள்ள எதுவும் போகலை.”

தாமோதரன் மங்கையர்க்கரசியின் பக்கம் திரும்பினார்.

“இருபத்தேழு வருஷம் கிடந்த இரத்தம்,” என்றாள் அவள் நிதானமாக. “நடுவுல எத்தனை தடவை மின்சாரம் போச்சோ. கெட்டுப்போன இரத்தத்தை வச்சு ஜாதகம் பார்க்கிறாங்க.”

“ஆம்பளைங்க அட்டையும் அதே பெட்டியிலதான் இருந்துச்சு. அவங்க சொன்னதும் சாட்சி சொல்றதும் அப்படியே பொருந்துது. பொம்பளைங்க இரத்தம் மட்டும் கெட்டுப்போச்சா மேடம்?”

உறுப்பினர்களில் ஒருவர் சிரித்துவிட்டு, சிரித்தது தவறோ என்று தலைவரைப் பார்த்தார்.

மங்கையர்க்கரசி சிரிக்கவில்லை. இதற்காகத்தான் காத்திருந்தாள். “சார், ஒரு பக்கம் மெஷின். ஒரு பக்கம் நாலாயிரம் பெண்கள். நாலாயிரம் பேரும் பொய் சொன்னாங்கன்னு இந்தம்மா சொல்றாங்க. யார் சொல்றது உண்மைன்னு எப்படித் தீர்மானிக்கிறது? உண்மை நமக்கு ஏற்கெனவே தெரிஞ்ச ஒரு அட்டை வேணும். அப்படி ஒண்ணு இருக்கு. முதல் அட்டை. களத்துக்குப் போறதுக்கு முன்னாடி, பயிற்சியன்னிக்கு, குழுத்தலைவர் முறையில நான் முதல்ல விரலை நீட்டினேன். முதல் படிவமும் நானே நிரப்பினது. எனக்கு எழுதப் படிக்கத் தெரியும். யாரும் என்னைக் கதவுகிட்ட நிக்கவச்சுக் கேட்கலை. அதைச் சோதிக்கச் சொல்லித்தான் கடிதம் எழுதினேன்.”

“நியாயம்தானே,” என்றார் தாமோதரன். “உங்களுக்குச் சம்மதமாம்மா?”

“சம்மதம்தான் சார். காலையிலேயே ரெண்டையும் மெஷின்ல போட்டாச்சு. பழசு, புதுசு ரெண்டும். இன்னும் இருபது நிமிஷம்.”

“அப்ப ஒரு காபி சாப்பிட்டுட்டு வரலாம். பொம்பளைங்க ரெண்டு பேர் மோதினா நடுவுல உட்கார்றது கஷ்டம்ப்பா,” என்று எழுந்தார் அவர். இரண்டு பெண்களும் ஒரே மாதிரி முகம் சுளித்ததை அவர் கவனிக்கவில்லை.

வராந்தாவில் ஒரே ஒரு பெஞ்சு. மங்கையர்க்கரசி உட்கார்ந்தாள். ஜெசிந்தா உட்காராமல் தூணில் சாய்ந்து நின்றாள்.

“உன் ஆய்வேட்டுல நான் ஒரு அத்தியாயத்தை நீக்கச் சொன்னேன். அதுக்கு இத்தனை வருஷம் கழிச்சு மெஷின் செஞ்சு கொண்டுவந்திருக்கே.”

“நீக்கச் சொல்லலை. ‘இது ஆராய்ச்சி இல்லை, புலம்பல்’னு ஓரத்துல எழுதினீங்க. சிவப்பு மையில.”

“புலம்பலாத்தான் இருந்துச்சு.”

“நான் கேட்ட வீட்டுல எல்லாம் ஒரே பதில் மேடம். ‘நீங்க என்னம்மா சாப்பிட்டீங்க?’ ‘எல்லாருக்கும் போட்டதுதான் எனக்கும்.’ போட்டது எவ்வளவுன்னு கேட்டா, புருஷன் தட்டுல வச்சதைக் காட்டுவாங்க. நான் அதைக் கிண்ணக் கணக்குல எழுதிட்டு வந்தேன். பானையை எட்டிப் பார்க்கணும்னு தோணலை. மூணாம் நாள்தான் எனக்கு உறைச்சுது. ஏன்னா நானும் பயிற்சியன்னிக்கு அதையேதான் எழுதியிருந்தேன். தோசை நாலுன்னு. அன்னிக்கு நான் தோசையே திங்கலை. ஹாஸ்டல்ல மெஸ் பாக்கி, உள்ள விடலை. பக்கத்துல எல்லாரும் நாலு, அஞ்சுன்னு எழுதறாங்க. நானும் எழுதிட்டேன். அப்புறம் என் படிவத்தை எடுத்து, நீங்க சொல்லிக்கொடுத்த மாதிரியே ஒரே கோடு போட்டு அடிச்சு, பக்கத்துல திருத்தி, கையெழுத்தும் தேதியும் போட்டு உங்ககிட்டக் கொண்டுவந்தேன். ஞாபகம் இருக்கா?”

மங்கையர்க்கரசிக்கு ஞாபகம் இருந்தது. இல்லை என்பதுபோல் பார்த்தாள்.

“வெள்ளைப் படிவம் ஒண்ணை எடுத்துக் கொடுத்து, பழையபடியே சுத்தமா எழுதிக் கொடுன்னீங்க. ‘ஆய்வாளரே அடிச்சுத் திருத்தினா கள ஊழியருக்கு என்ன மரியாதை’ன்னீங்க. எழுதிக் கொடுத்தேன். இருபத்திரண்டு வயசு. வேலை போயிடும்னு பயம்.”

“அப்ப நீயும் பொய்தான் எழுதியிருக்கே.”

“ஆமா. அதைச் சொல்லித்தான் கமிட்டிக்கு நான் கொடுத்த விண்ணப்பமே ஆரம்பிக்குது. நீங்க முதல் பக்கத்தைப் படிக்கலைபோல.”

படிக்கவில்லைதான். இணைப்புகளை மட்டும் புரட்டிப் பார்த்திருந்தாள், எங்கே தப்புக் கண்டுபிடிக்கலாம் என்று.

“எங்க ரீட்டாக்கா அந்த உணவுக்கூடத்துல மதியச் சோறு சாப்பிட்டுட்டு இருந்தா,” என்றாள் ஜெசிந்தா. குரலில் எந்த ஏற்ற இறக்கமும் இல்லை. “அதை மூடிட்டு மாத்திரை கொடுத்தாங்க. வெறும் வயித்துல அந்தச் செம்மாத்திரையைப் போட்டா குமட்டும். வாயில போட்டுக்கிட்டுப் போய்க் கொல்லையில துப்பிடுவா. ரெண்டாவது பிரசவத்துல இரத்தம் போச்சு. போறதுக்கு அவ உடம்புல அதிகம் இல்லை.”

“உங்க அக்கா சாவை என் தலையில வைக்கிறியா?”

“இல்லை. ஆதாரம் இல்லாம எதையும் எழுதக்கூடாதுன்னு நீங்கதான் சொல்லியிருக்கீங்க. அக்காவோட அட்டை நம்ம பெட்டியில கிடையாது. அவங்க ஊர் நாற்பதுல வரலை.”

அவள் உள்ளே போய்விட்டாள். மங்கையர்க்கரசி தனியாக உட்கார்ந்திருந்தாள். எதிரிலிருந்த வாதாமரத்தில் ஒரு காகம் இலையைக் கொத்திக்கொண்டிருந்தது.

அந்தப் பயிற்சி நாளை அவள் நினைத்துப் பார்த்தாள். படிவம் கண்முன் வந்தது: இட்லி நான்கு, சாம்பார் ஒரு கரண்டி. நான்கு இட்லியின் ருசியை நினைவுக்குக் கொண்டுவரப் பார்த்தாள். வரவில்லை. வந்தது வேறு. கல்யாணமான மூன்றாவது வருஷம், ஆகஸ்ட் மாதம், செவ்வாய்க்கிழமை. கணவருடைய நண்பர்கள் இரண்டு பேர் காலையில் சொல்லாமல் வந்துவிட்டார்கள். மாவு வழித்தாகிவிட்டது. இட்லிப் பானையைக் கழுவிக் கவிழ்த்துவிட்டு, பேருந்துக்கு ஓடும்போது டப்பாவிலிருந்து ஒரு பிடி பொட்டுக்கடலையை அள்ளிக்கொண்டாள். ஜன்னலோர இருக்கையில் அதை ஒவ்வொன்றாக வாயில் போட்டது துல்லியமாக நினைவிருந்தது. பக்கத்திலிருந்தவர் பார்க்கக்கூடாது என்று கையை மூடிக்கொண்டே தின்றாள்.

பிறகு ஏன் நான்கு என்று எழுதினோம்? யாரும் கேட்கவில்லை, மிரட்டவில்லை. மேஜையைச் சுற்றிப் பத்துப் பேர் நின்றார்கள். “மேடம் முதல்ல நீங்க” என்றார்கள். ஊட்டச்சத்தில் முனைவர் பட்டம் வாங்கியவள் பட்டினியாக வந்திருக்கிறாள் என்று அந்தக் கட்டத்துக்குள் எப்படி எழுதுவது? தனக்காக அல்ல, அந்த வீட்டுக்காகக் கூச்சமாக இருந்தது. வீடு நல்ல வீடு. யாரும் அவளைச் சாப்பிடாதே என்று சொன்னதில்லை.

சாட்சி தப்பாகச் சொல்லட்டும் என்று வேண்டிக்கொண்டாள். இத்தனை வருஷத்தில் ஒரு கருவி தப்பாகச் சொல்ல வேண்டும் என்று அவள் வேண்டிக்கொண்டது அதுதான் முதல் தடவை.

உள்ளே கூப்பிட்டார்கள்.

தாமோதரன் கண்ணாடியைப் போட்டுக்கொண்டு இரண்டு தாள்களை அருகருகே வைத்து வாசித்தார். “முதல் அட்டை. 12.08.2031. காலை: பொட்டுக்கடலை, சுமார் இருபது கிராம். காபி ரெண்டு. அரிசி, உளுந்து எதுவும் இல்லை.” படிவத்தைத் தூக்கிப் பிடித்தார். “மேடம் கைப்பட எழுதினது: இட்லி நாலு, சாம்பார் ஒரு கரண்டி.”

இரண்டையும் இன்னொரு முறை பார்த்தார். பிறகு அவர் முகத்தில் சிரிப்பு பரவியது.

“முடிஞ்சுதே விஷயம். உங்க சாட்சி பொய்ச்சாட்சி சொல்லுதேம்மா.”

ஜெசிந்தா மேஜையைப் பிடித்துக்கொண்டு நின்றாள். அந்த மெஷினைச் செய்த பதினெட்டு வருஷ வேலை அவள் முகத்திலிருந்து வடிவதை மங்கையர்க்கரசி பார்த்தாள். பார்க்க நன்றாகத்தான் இருந்தது.

“மேடம், ஒரு வார்த்தை சொல்லிடுங்க. பதிவு பண்ணிக்கறோம். அன்னிக்கு நீங்க எழுதினது சரிதானே?”

“சரிதான்,” என்றாள் மங்கையர்க்கரசி. “நான் எழுதினதுதான் சரி.”

சொல்லிவிட்டாள். அவ்வளவு சுலபமாக இருந்தது.

“இன்னும் ஒண்ணு இருக்கே,” என்று தாமோதரன் உற்சாகமாக அடுத்த தாளை எடுத்தார். “இன்னிக்கு எடுத்தது. அட, இங்கயும் உளறியிருக்கு பாருங்க. காலை: காபி ரெண்டு, ரஸ்க் ஒண்ணு. அவ்வளவுதானாம். மேடம் இன்னிக்குக் காலையில எழுதினது இட்லி மூணு, சட்னி. புது இரத்தத்தையே படிக்கத் தெரியலை, இதுல பழசு வேற. இட்லின்னாலே உங்க மெஷினுக்கு ஆகாதுபோல.”

உறுப்பினர்கள் இப்போது தைரியமாகச் சிரித்தார்கள். அவர் படிவத்தை மங்கையர்க்கரசியின் பக்கம் நகர்த்தினார்.

அவள் பார்த்தாள். இட்லி 3. அவளுடைய எழுத்து. மை இன்னும் புதுசாக இருந்தது.

காலையில் மகனும் மருமகளும் பெங்களூர் கிளம்பினார்கள். கேஸ் அடுப்பில் இரண்டு ஈடு இட்லி. அவள் பரிமாறினாள், டப்பாவில் கட்டிக் கொடுத்தாள், கணவருக்கு மாத்திரை எடுத்து வைத்தாள். நின்றுகொண்டே காபி குடித்தாள். ரஸ்க் ஒன்று, ஆமாம், நனைத்துத் தின்றாள். செருப்பை மாட்டும்போது மருமகள் கேட்டாள்: “அத்தை, நீங்க சாப்பிட்டீங்களா?” “ஆச்சும்மா.” அந்தப் பெண்ணும் மேலே கேட்கவில்லை. அது பதில் எதிர்பார்க்கிற கேள்வி அல்ல.

ஆனால் இந்தப் படிவத்தை எழுதும்போது அவளுக்கு மறைக்க எதுவுமே இல்லை. சுற்றி யாரும் நிற்கவில்லை. கூச்சமில்லை, வீட்டு மானமில்லை. மெஷின் படிக்கப்போகிறது என்று தெரிந்தே எழுதினாள். எதிரி முன்னால் உட்கார்ந்து, முழு விழிப்போடு எழுதினாள். எழுதியது பொய் என்று இந்த நிமிஷம் வரை அவளுக்கே தெரியாது. மூன்று என்பது அவள் தின்றது அல்ல, எல்லாருக்கும் தட்டில் வைத்தது.

நாலாயிரம் பேர் பொய் சொன்னார்களா என்று கேட்டுத்தானே இவ்வளவு நேரம் வாதாடினாள். யாரும் சொல்லவில்லை. அவர்களைக் கேட்ட கேள்வி அவர்களிடம் போய்ச் சேரவேயில்லை.

பேசாமல் இருந்தால் போதும். வாயைத் திறக்கக்கூட வேண்டாம். சாட்சியைப் பெட்டியில் போட்டு புனேக்குத் திருப்பி அனுப்பிவிடுவார்கள். அவள் எட்டு மாதத்தில் மாலை மரியாதையோடு ஓய்வு பெறுவாள். செம்மாத்திரை தொடர்ந்து வீடு வீடாகப் போகும்.

“அப்ப தீர்மானத்தை எழுதிடலாமா?” என்றார் தாமோதரன்.

“பேனா கொடுங்க.”

“கடைசியில கையெழுத்துப் போட்டா போதும் மேடம்.”

“பேனாவைக் கொடுங்க சார்.”

அவள் முதலில் இன்றைய படிவத்தை எடுத்தாள். 3 என்ற எண்ணின் மேல் ஒரே ஒரு கோடு. அடியிலிருக்கும் எண் தெரிய வேண்டும், மேலே எழுதி அழிக்கக்கூடாது, இருபத்தேழு வருஷமாக மாணவர்களுக்கு அவள் சொல்லிவந்தது. பக்கத்தில் 0 என்று எழுதினாள்; சட்னியையும் அடித்து, ரஸ்க் ஒன்று என்று சேர்த்தாள். கையெழுத்து, தேதி. பிறகு 2031இன் படிவம். தாள் பழுத்திருந்தது. 4இன் மேலும் சாம்பாரின் மேலும் கோடு. பொட்டுக்கடலை, ஒரு பிடி. கையெழுத்து. இன்றைய தேதி.

“மேடம், என்ன பண்றீங்க?” தாமோதரனின் குரல் மாறியிருந்தது.

“மெஷின் சரியாத்தான் படிச்சிருக்கு. கொஞ்சம் முன்னாடி நான் சொன்னதையும் அடிச்சுடுங்க.”

ஒரு உறுப்பினர் தண்ணீர் டம்ளரை எடுத்துக் குடிக்காமலே கீழே வைத்தார். மங்கையர்க்கரசி ஜெசிந்தாவைப் பார்த்தாள். எதை எதிர்பார்த்தாள் என்று அவளுக்கே தெரியவில்லை. நன்றியை அல்ல. ஒரு பெருமூச்சு, ஒரு தலையசைப்பு, அந்தத் தூணில் சாய்ந்திருந்த விறைப்பில் கொஞ்சம் தளர்வு, ஏதாவது ஒன்று.

ஜெசிந்தா இரண்டு படிவங்களையும் எடுத்து, கோடு நேராக இருக்கிறதா, தேதி சரியாக இருக்கிறதா என்று ஒரு பரிசோதகரைப்போலப் பார்த்தாள். கோப்பில் வைத்தாள்.

“இப்படித்தான் நானும் அன்னிக்கு அடிச்சுக் கொண்டுவந்தேன்,” என்றாள். “மிச்சம் நாலாயிரத்து இருநூத்துப் பதினேழு இருக்கு மேடம். எல்லாத்தையும் அடிச்சுத் திருத்தணும். பக்கத்துல கையெழுத்துப் போடத்தான் நிறையப் பேர் இப்ப இல்லை.”